பறவைக்கு வைத்த பீங்கான்: மட்டாஞ்சேரியின் பழங்கலங்களும் அவற்றின் மறுபயனும்

பழைய தேநீர்க் கோப்பையொன்றை அதன் தட்டோடு ஒட்டி, மூன்று சங்கிலிகளில் கோத்து, மரக்கிளையில் தொங்கவிட்டுப் பறவைகளுக்குத் தானியம் வைக்கும் கைவினை இன்று பிரிட்டன், அமெரிக்கத் தோட்டங்களில் பரவலாகக் காணப்படுவது. கொச்சி, காரைக்குடி போன்ற பழம்பொருள் சந்தைகளை அண்டி வாழ்வோருக்கும் இவ்வழக்கம் ஒரு வினாவை எழுப்பக்கூடியது. நூறாண்டு கடந்த பீங்கான் தட்டில் துளையிடுவது வரலாற்றை அழிப்பதா, அல்லது மூலையில் கிடக்கும் கலத்துக்குப் புதிய உயிர் தருவதா? சேகரிப்பாளர் முதல் விடையைச் சொல்வர். கைவினைஞர் இரண்டாவதைச் சொல்வர். மட்டாஞ்சேரியின் பீங்கான் வரலாற்றை ஊன்றி நோக்கினால் இவ்விரு விடைகளும் போதா என்பது புலனாகும்.

சொல்லிலிருந்து தொடங்கலாம். தமிழில் 'பீங்கான்' என்றும் மலையாளத்தில் 'பிஞ்ஞாணம்' என்றும் வழங்கும் சொற்களின் வேர் பாரசீகத்துப் 'பிங்கான்'. அதுவே அரபியில் 'ஃபின்ஜான்' ஆகி, இன்றும் காப்பிக் கிண்ணத்தைக் குறிக்கிறது. பொருள் சீனத்தில் பிறந்தது. பெயரோ மேற்கிலிருந்து வந்தது. அரபு, பாரசீக வணிகர் நாவில் வழங்கிய பெயரையே மேற்குக் கடற்கரை ஏற்றுக்கொண்டது என்பது, இக்கலங்கள் யார் கையால் இங்கு விலைபேசப்பட்டன என்பதற்கு ஒரு குறிப்பு. மறுபுறம் சீனவலை, சீனச்சட்டி, சீனப்பரணி என்று சீனத்தின் பெயரையே சுமந்து நிற்கும் பொருள்களும் கேரளத்தில் உண்டு. ஒரு வீட்டின் அடுக்களைச் சொற்களே கடல்வழியின் இரு திசைகளையும் காட்டிவிடுகின்றன.

செங் ஹேயின் கப்பற்படையோடு மொழிபெயர்ப்பாளராக வந்த மா ஹுவான், 15ஆம் நூற்றாண்டுக் கொச்சியைத் தம் நூலில் விவரித்துள்ளார். அவர் எண்ணும் ஐந்து பிரிவினருள் செல்வந்த வணிகராகச் செட்டிகளும் இடம்பெறுகின்றனர். மிளகை வாங்கிச் சேர்த்துவைத்து, வெளிநாட்டுக் கப்பல் வரும்வரை காத்திருந்து விற்பவர்கள் அவர்கள். மிளகு ஏறிய துறைகளில் பீங்கான் இறங்கியது. அது கனமானது; நீரால் கெடாதது. எனவே கப்பலின் அடித்தட்டில் நிலைப்பாட்டுச் சுமையாக வைப்பதற்கு ஏற்றது. மேலே பட்டும் தேயிலையும் நனையாமல் இருக்கும். விலையுள்ள சரக்கே சுமைக்கல்லாகவும் பயன்பட்டது. பீங்கான் தன் முதற் பயணத்திலேயே இரண்டு வேலைகளைச் செய்தது எனலாம்.

இதே காலத்தில் சீனத்தில் நிகழ்ந்த ஒன்று இக்கட்டுரைப் பொருளுக்கு மிக நெருங்கியது. ஷுவாந்தெ பேரரசர் (ஆட்சி 1426–1435) காலத்தில் ஜிங்தெஜென் நகரின் அரச சூளைகள் கூண்டுப்பறவைகளுக்குத் தானியமும் நீரும் வைப்பதற்கென்றே நீலமும் வெண்மையுமான சிறு பீங்கான் கலங்களைச் செய்தன. அவை அச்சூளைகளின் அகழாய்வுகளில் உடைந்த துண்டுகளாகக் கிடைத்துள்ளன. உடைந்தது தற்செயலன்று. அரச சூளையில் சிறு குறையுற்ற கலமும் வெளியார் கைக்குப் போகக்கூடாது என்பதால் அங்கேயே நொறுக்கிப் புதைக்கப்பட்டது. செங் ஹேயின் இறுதிப் பயணம் 1431–33இல் இந்தியப் பெருங்கடலில் நடந்துகொண்டிருந்தபோது, அரண்மனைக் கூண்டுகளுக்கான பறவைக்கலங்கள் அங்கே சுடப்பட்டும் உடைக்கப்பட்டும் வந்தன. பறவைக்குப் பீங்கானில் உணவு வைப்பது மேலைநாட்டுத் தோட்டக்கலையின் புத்தாக்கமன்று என்பது இதனால் தெளிவு. வேறுபாடு ஒன்றுதான்: அன்று கலம் புதியது, பறவை சிறைப்பட்டது, இன்று கலம் பழையது, பறவை சுதந்திரமானது.

அரச சூளையில் குறையுள்ள கலத்துக்கு வாழ்வில்லை. கடல் கடந்து வந்த கலத்துக்கோ ஒரு வாழ்வு முடிந்தால் மறுவாழ்வு உண்டு. மட்டாஞ்சேரியில் அதற்கு முதற்சான்று சீனப்பரணி. நுட்பமாகச் சொன்னால் பரணிகளிற் பல பீங்கான் அல்ல, மெருகிட்ட கற்கலங்கள். இத்தகைய பெருஞ்சாடிகள் ஆசியக் கடல்வழியெங்கும் எண்ணெயும் பதப்படுத்திய உணவும் பிற சரக்கும் ஏற்றிச் செல்லும் கொள்கலன்களாகவே புறப்பட்டன. சரக்கு தீர்ந்தபின் கலம் கரையில் தங்கியது. உப்பும் புளிப்பும் செப்பையும் பித்தளையையும் அரிக்கும். சுட்ட மண்ணில் ஊறிக் கசியும். கண்ணாடிபோல் இறுகிய மெருகை அவை எளிதில் தீண்டுவதில்லை. எனவே உப்புமாங்காய்க்கும் ஊறுகாய்க்கும் பரணியே சிறந்த இல்லமாயிற்று. கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்தவர்கள் அங்குள்ள பெருஞ்சீனச் சாடிகளை நினைவுகூரலாம். கப்பலின் மீதத்தை அடுக்களையின் தேவை தனதாக்கிக்கொண்டது. பின்னர் அதுவே கேரள மரபின் அடையாளமாகவும் ஆகிவிட்டது.

இரண்டாவது சான்று, பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தின் தரை. 1568இல் மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டி எழுந்த இக்கூடத்துக்கு, 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சீனத்தின் காண்டன் நகரிலிருந்து நீலவண்ணம் தீட்டிய வெண்பீங்கான் ஓடுகள் வந்தன. இவற்றை வருவித்தவராகக் கருதப்படுபவர் எசக்கியேல் ரகாபி (1694–1771). டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதன்மை வணிகராக விளங்கிய அவரே கூடத்தின் மணிக்கூண்டையும் கட்டுவித்தவர். ஓடுகள் கையால் தீட்டப்பட்டவை. ஆகவே ஒரே காட்சி மீண்டும் வரும்போதும் தூரிகையின் அழுத்தம் மாறுபடுகிறது.

இவ்வோடுகளைப் பற்றி மட்டாஞ்சேரியில் ஒரு கதை வழங்குகிறது. கொச்சி அரசர் தம் அரண்மனைக்கென்று இவற்றை வருவித்தார் என்றும், செய்பொருளில் பசுவின் இரத்தம் கலந்துள்ளது என்று யூத வணிகர் ஒருவர் சொல்ல, அரசர் அவற்றை ஒதுக்கிவிட, ஓடுகள் அடுத்த வளாகத்துத் தொழுகைக்கூடத்தை அடைந்தன என்றும் அக்கதை கூறும். வரலாற்றுச் சான்றாக இதைக் கொள்ள இயலாது. சீனப் பீங்கான் வெண்களிமண்ணும் பீங்கான்கல்லும் கலந்து ஏறத்தாழ 1300 பாகை செல்சியசில் சுடப்படுவது. அதில் இரத்தத்துக்கு இடமில்லை. எனினும், அதே நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் உருவான 'போன் சைனா' வகையில் கால்நடை எலும்புச் சாம்பல் உண்மையாகவே சேர்க்கப்பட்டது என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். கதையின் மெய்ம்மையைவிட அதன் உள்ளடக்கமே கருதத்தக்கது. ஒரு பொருள் ஒருவருக்குத் தகாததாகி மற்றொருவருக்குத் தகுந்ததாகும் நிகழ்வையே ஊர் தன் புகழ்பெற்ற தரையின் தோற்றக்கதையாக வைத்துக்கொண்டிருக்கிறது. மறுபயன் என்னும் கருத்து மட்டாஞ்சேரிக்கு வெளியிலிருந்து வந்ததன்று.

மூன்றாவது சான்று மலபார் முஸ்லிம்களிடையே வழங்கிய 'பிஞ்ஞாணமெழுத்து'. திருமறை வசனங்களைப் பீங்கான் தட்டில் மையால் எழுதி, நீரூற்றிக் கரைத்து, நோயுற்றவருக்குப் பருகக் கொடுக்கும் வழக்கம் இது. மையை உறிஞ்சாத மெருகு இருப்பதால்தான் எழுத்து முழுமையாக நீரில் இறங்கும். உண்கலம் இங்கே எழுதுபலகையாகவும் மருந்துக்கலமாகவும் மாறுகிறது.

இத்தகைய மறுவாழ்வு இந்தியப் பெருங்கடலின் மறுகரையிலும் உண்டு. தான்சானியாவின் குந்துச்சி போன்ற சுவாகிலிக் கடற்கரை ஊர்களில் கல்லறைத் தூண்களிலேயே சீனக் கிண்ணங்கள் பதிக்கப்பட்டன. பாங்காக்கின் வாட் அருண் கோபுரங்கள் சீனப் பீங்கான் துண்டுகளால் ஒளிர்கின்றன. நம் காலத்தில் சண்டிகரில் நேக் சந்த், 1957 முதல் உடைந்த பீங்கானும் வளையலும் கட்டடக் கழிவும் சேர்த்து மனித, விலங்கு, பறவை உருவங்களைச் செய்தார். அவர் மறைவாக உருவாக்கிய அத்தோட்டம் 1976இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. அங்கே உடைந்த பீங்கானே பறவையாகி நிற்கிறது.

இனிப் பறவையின் பக்கம் வரலாம். மட்டாஞ்சேரியில் பறவைக்கு உணவளிப்பதன் புகழ்பெற்ற களம் குஜராத்தித் தெருவிலுள்ள தர்மநாதர் சமணக் கோயில். 1904இல் கட்டப்பட்ட இக்கோயிலில் நண்பகலை ஒட்டிப் புறாக்களுக்குத் தானியம் இடப்படுகிறது. வணிகத்துக்காக வந்து தங்கிய குஜராத்தியர், தம் ஊர்களில் 'சபூத்ரோ' என்னும் பறவை மாடங்களை எழுப்பிய உயிரிரக்க மரபைத் தம்மோடு கொண்டுவந்தனர். பஜார் சாலையின் அரிசி, மசாலாக் கிடங்குகளில் சிந்தும் தானியமோ யாரும் திட்டமிடாத மற்றொரு பறவைச்சாலை. கேரளத்தில் வீட்டிலும் கோயிலிலும் தொங்கவிடும் நெற்கதிர்க்குலை அழகுப்பொருளாக இருந்துகொண்டே குருவிக்கு இரையாகிறது. பலிச்சோறு உண்ணும் காகமும், தமிழ் வீடுகளில் நாள்தோறும் முதற்கவளம் பெறும் காகமும் முன்னோரின் பெயரால் உணவு பெறுகின்றன. ஆலுவாயை அடுத்த முப்பத்தடத்தைச் சேர்ந்த எழுத்தாளர் நாராயணன் கோடைக்காலத்தில் பறவைகளுக்கு நீர் வைப்பதற்கென்று மண்கலங்களை இலவசமாக வழங்கிவரும் பணி அண்மைக்காலத்தில் நாடறிந்தது.

பிரிட்டனில் இவ்வழக்கத்தின் வரலாறு வேறு. 1890–91இன் கடுங்குளிரில் பட்டினியால் மடியும் பறவைகளுக்கு உணவிடும்படி நாளிதழ்கள் வேண்டின. 1910இல் 'பஞ்ச்' இதழ் பறவைக்கு உணவிடுதலை நாட்டின் பொழுதுபோக்கு என்றே குறித்தது. அங்கே தூண்டுகோல் குளிர்காலம். இங்கே தூண்டுகோல் அறமும் நீத்தார் கடனும் கோடையின் வறட்சியும். அதனாற்றான் அங்கே தீனிக்கலம் தனிப்பொருளாக வடிவம் பெற்று, கடைச்சரக்காகி, பின்னர் பழங்கோப்பைக் கைவினையாகவும் கிளைத்தது. இங்கே அதற்கெனத் தனிக்கலம் பெரிதும் தேவைப்படவில்லை. இலை, கதிர், மதிற்சுவர், வாய் உடைந்த சட்டி, விளிம்பு பெயர்ந்த தட்டு என எது கிடைத்ததோ அதுவே போதுமானதாயிற்று. விருந்தினர்முன் வைக்கத் தகாத தட்டு கோழிக்கும் பூனைக்கும் காகத்துக்கும் உரியதாவது நம் வீடுகளில் யாரும் 'கைவினை' என்று பெயரிடாத பழவழக்கம்.

அப்படியானால் பழைய பீங்கானில் துளையிடுவதில் தடையேதும் இல்லையா? இங்குதான் ஆய்வாளரின் கவலை தொடங்குகிறது.

தமிழகத்தில் இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் 1987இல் தமிழ்ப் பல்கலைக்கழகம் அகழாய்வு நடத்தியது. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு உள்ளிட்டோரின் ஆய்வுகள் அங்குக் கிடைத்த சீனப் பானையோடுகளைக் கொண்டு 13, 14ஆம் நூற்றாண்டுகளின் கடல்வணிகத்தை விளக்கின. தென்னிந்தியா, இலங்கைக் கடற்கரைகளில் இத்தேடல் தொடர்ந்து, 2004இல் கராஷிமாவின் பதிப்பில் நூலாகவும் வந்தது. கொல்லத்தில் 2014இல் துறைமுகத்தைத் தூர்வாரியபோதும் சீன நாணயங்களோடு பீங்கான் துண்டுகள் வெளிப்பட்டன. இவற்றில் பெரும்பாலானவை உள்ளங்கைக்குள் அடங்கும் சில்லுகள்; சந்தையில் விலைபோகாதவை. ஆயினும் எந்த மண்ணடுக்கில், எதனோடு சேர்ந்து கிடைத்தன என்பது பதிவாகியிருப்பதால் அவை பேசுகின்றன.

யூதத்தெருவின் நிலை இதற்கு நேர்மாறு. 1948க்குப் பின், குறிப்பாக 1950களில், கொச்சி யூதர்களிற் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். பரதேசி யூதர் சிலரே எஞ்சினர். அவர்கள் வாழ்ந்த வீடுகளும் மிளகும் சுக்கும் நிறைந்திருந்த கிடங்குகளும் நாளடைவில் பழம்பொருள் கடைகளாயின. கேரளத்தின் பிரிக்கப்பட்ட தறவாடுகளிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் பரணிகளும் தட்டுகளும் அங்கே வந்து சேர்ந்தன. செட்டிநாட்டு வீடுகள் பிரிக்கப்பட்டபோது காரைக்குடிக் கடைகளில் குவிந்த பர்மா சாடிகளும் பீங்கான்களும் இதே வரலாற்றின் தமிழ்ப் பக்கம். கடையிலுள்ள பரணி முழுமையாக இருக்கிறது, கீறலில்லை, மெருகு ஒளிர்கிறது. ஆனால் எந்த வீட்டில் இருந்தது, அதில் என்ன ஊறியது, எந்தத் தலைமுறையில் வந்தது என்னும் செய்திகள் கைமாறும்போது உதிர்ந்துவிட்டன. பெரியபட்டினத்துச் சில்லு உடைந்தும் சான்றாக நிற்கிறது. கடைப் பரணி உடையாமலே சான்றாக இல்லாது போகிறது.

சட்டமும் இவ்விடைவெளியை அடைப்பதில்லை. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறாண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருளாகும்; தனியார் அதனை நாட்டுக்கு வெளியே அனுப்பலாகாது. ஆனால் பதிவு செய்வது அரசு அறிவித்த வகைகளுக்கே கட்டாயம். பாட்டி காலத்துப் பீங்கான் தட்டு சட்டத்தின் வரையறைக்குள் வரலாம். எந்த ஏட்டிலும் வருவதில்லை.

ஆகவே வினாவைத் திருத்திக் கேட்க வேண்டும். துளையிடலாமா கூடாதா என்பதன்று. துளையிடும்முன் அக்கலத்தைப் பற்றி அறியப்பட்டது என்ன என்பதே வினா. பரணியில் ஊறுகாய் இட்டவர்களும் கிண்ணத்தைக் கல்லறையில் பதித்தவர்களும் கலத்தின் பயனை மாற்றினர். ஆனால் கலம் அவர்தம் ஊரிலும் வாழ்விலும் நிலைத்தது. அதனால் ஒவ்வொரு மறுபயனும் வரலாற்றில் மேலும் ஓர் அடுக்காயிற்று. விளிம்பு பெயர்ந்த தட்டு தான் புழங்கிய வீட்டு முற்றத்திலேயே பறவைக்கு நீரேந்துமானால் அதுவும் அத்தகைய அடுக்கே. பெயரும் ஊரும் துடைக்கப்பட்டு, கண்ணாடிப் பேழைக்குள் முழுமையாக நிற்கும் தட்டைவிட அது வரலாற்றுக்கு அண்மையில் இருக்கிறது.

இதற்கு ஒரு சிறு ஒழுங்கு போதும். கலத்தின் முன்புறத்தையும் அடிப்புறத்துக் குறியையும் விளிம்பின் உடைவையும் அளவுகோலோடு படமெடுத்தல்; யாரிடமிருந்து எப்போது வந்தது, எதற்குப் பயன்பட்டது என வீட்டு முதியோர் சொல்வதை எழுதிவைத்தல்; முழுமையான அரிய கலத்தை விடுத்து ஏற்கெனவே உடைந்ததையே தேர்தல்; துளையிடாமல் கயிற்றுறியிலோ கம்பிவளையத்திலோ ஏந்துதல். இறுதியானதே எல்லாவற்றினும் நன்று. உறி நம் வீடுகளில் பாலையும் தயிரையும் பூனைக்கு எட்டாமல் காத்த அமைப்பு. கலத்தைக் காயப்படுத்தாமலே தொங்கவிட வல்லது. துளை இன்றியமையாததாயின் வைர முனையால், நீரூற்றிக்கொண்டே, மெல்லத் துளைப்பதே முறை. வெப்பம் ஏறினால் பீங்கான் விரியும்.

பறவையின் நலமும் கருதப்பட வேண்டும். மெருகுக்கு அடியில் கோபால்ட் நீலம் தீட்டி உயர்வெப்பத்தில் சுட்ட கலம் பாதுகாப்பானது. மெருகின்மேல் சிவப்பும் பச்சையும் பொன்னும் தீட்டிய பழங்கலங்களிலும், தாழ்வெப்பத்தில் சுட்ட சில ஐரோப்பிய மண்கலங்களிலும் ஈயம் இருக்கக்கூடும். அவற்றில் நீர் வைத்தலாகாது. மெருகு வெடித்த தட்டின் கீறல்களில் அழுக்கும் கிருமியும் தங்கும். பிரிட்டனில் 2005 முதல் பரவிய டிரைக்கொமோனோசிஸ் நோயால் பச்சைப் பின்ச் பறவைகள் பெருமளவில் குறைந்து 2021இல் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டதற்கு, தீனிக்கலங்களில் பறவைகள் நெருங்கிக் கூடியதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. 2025இல் மும்பையின் புறாத் தீனிக்களங்களை மூட எடுத்த நடவடிக்கை, உயிரிரக்கமும் பொதுச்சுகாதாரமும் மோதும் வழக்காயிற்று. நாள்தோறும் கழுவி, நீர் மாற்றப்படாத கலம் எவ்வளவு தொன்மையானதாயினும் பறவைக்குத் தீங்கே. இங்கும் பீங்கானுக்கு ஒரு சிறப்பு உண்டு: ஊறுகாயின் புளிப்பை ஏற்காத அதே மெருகு, கழுவினால் எச்சத்தையும் விட்டுவிடும்.

ஷுவாந்தெ காலத்துப் பறவைக்கலங்கள் குறையற்றவையாக இருந்தால் மட்டுமே கூண்டுக்குள் இடம் பெற்றன. மட்டாஞ்சேரியின் கலங்களோ கப்பலிலிருந்து அடுக்களைக்கும், அடுக்களையிலிருந்து கடைக்கும், சில வேளை முற்றத்துக்கும் குறைகளோடே நடந்து வந்தவை. அவற்றின் வரலாற்றைக் காப்பது உடையாமல் வைத்திருப்பதால் மட்டும் ஆவதன்று. எங்கிருந்து வந்தது என்று கேட்போருக்கு ஒரு விடை எஞ்சியிருக்க வேண்டும். காகம் வந்து அமரும் தட்டின் பின்னால் அந்த விடை எழுதப்பட்டிருந்தால், அதுவும் ஓர் ஆவணமே.